மூன்றாவது மன்றாட்டு

அமலோற்பவம் வசனத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மற்றவர்கள் பூசை முடிந்ததும் பிரசங்கம் நன்றாக இருந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மட்டன் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். இவளுக்கு அது ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சாமியார் எதை வாசித்தாரோ அதைத் திங்கட்கிழமை செய்து பார்த்தாக வேண்டும்.

இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று வாசித்த வாரம், புருஷன் இன்னாசியின் இரண்டு ஸ்வெட்டரில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்த் தெருமுனையில் படுத்திருந்த ஆளுக்குப் போர்த்திவிட்டு வந்தாள். இன்னாசி குண்டலுபேட்டையிலிருந்து காய்கறி லோடு ஏற்றிவருகிற வண்டி ஓட்டுகிறவர். மார்கழிப் பனியில் விடியற்காலையில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்.

"பழசக் குடுத்திருக்கலாமில்ல?" என்றார் பாவம்.

"பழசுன்னு வசனத்துல போடலீங்க" என்றாள் அமலா.

பொழுது சாய்வதற்குள் கோபம் தணிய வேண்டும் என்று ஒரு வசனம் உண்டு. அதைக் கேட்ட நாளிலிருந்து, காலையில் அவரோடு சண்டை போட்டிருந்தால் சாயங்காலம் கடையிலிருந்தே போன் போட்டுவிடுவாள். "எனக்கு இப்பக் கோவமில்லீங்க. நீங்க வீட்டுக்கு வாங்க, மிச்சத்த நாளைக்குப் பேசிக்கலாம்." இன்னாசி வண்டியை ஓரம்கட்டிச் சிரித்துவிட்டுத்தான் மறுபடி எடுப்பார்.

அமலா மார்டள்ளிக்காரி; கர்நாடகத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நிறைந்த கிராமம் அது. அங்கே கோயிலுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பேச்சு முழுசாக வருவதற்கு முன்னாலேயே ஜெபத்துக்குப் பதில் சொல்ல வந்துவிடும். சாமியார் ஒரு வரியை முடிக்கிறபோதே மக்கள் சொல்ல வேண்டிய வரி அமலாவின் வாயில் வந்து நிற்கும். தூங்குகிறவளை எழுப்பி 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்றால், பதிலைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பாள் என்று இன்னாசி கேலி செய்வார். அவளுக்கு அதில் பெருமை. அந்தப் பெருமை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

மைசூரில் அக்ரஹாரத்துச் சந்து ஒன்றில் அவளுக்கு ஒரு சின்னக் கடை. புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது, ஓரத்துக்குப் பிகோ அடிப்பது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இந்த ஊரில் பஸ் ஏறத் தெரியாது, கன்னடம் பேசினால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தவள் பக்கத்துத் தெரு பிலோமினா. அமலாவைவிடப் பத்து வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், தமிழ் பேசினாலும் நடுநடுவே கன்னடம் கலப்பவள். இந்தக் கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்ததும் அவள்தான். மகள் லீமா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் உடன் இருந்ததும் அவள்தான். ஞாயிறு காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் கோயிலுக்கு நடப்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலொழிய மற்றவள் தனியாக நடந்ததில்லை.

அந்தப் பகுதிக்கு அன்பியப் பொறுப்பாளரும் பிலோமினாதான். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி, வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து, அது தங்கள் வாழ்க்கைக்கு என்ன சொல்கிறது என்று ஒவ்வொருவராகப் பேசுவது. பிறகு ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்லுவார்கள், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லுவார்கள். கடைசியில் டீ, சுண்டல். பிலோமினா ஜெபம் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வார்த்தை தங்கு தடை இல்லாமல் வரும், சரியான இடத்தில் குரல் கம்மும். அமலாவுக்கு அப்படி வராது. அவள் பதில் சொல்கிறவள், அவ்வளவுதான்.

லீமா அமலாவின் ஒரே மகள். பி.யு.சி. முடித்த கையோடு கன்னியர் மடத்துக்குப் போனாள். யாரும் வற்புறுத்தவில்லை, அவளாகத்தான் போனாள். மார்டள்ளியில் அமலாவின் அண்ணன் வீட்டில் கெடா வெட்டி விருந்து வைத்தார்கள். நான்கு வருஷம் கழித்து ஒரு நாள் பெட்டியோடு திரும்பி வந்து நின்றாள். உடம்புக்கு ஆகவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அமலா எல்லாரிடமும் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் நம்பினார்களா இல்லையா என்பது வேறு விஷயம்.

உண்மையை லீமா அம்மாவிடம் மட்டும் சொன்னாள். மடத்தில் தூக்கம் போய்விட்டது. சாப்பல் கதவைத் தாண்டினால் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. பெரிய சிஸ்டர் மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார். மாத்திரை கொடுத்தார்கள், இப்போதும் சாப்பிடுகிறாள். சொல்லி முடித்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது யாருக்கும் தெரியக்கூடாது. அப்பாகிட்ட நானே சொல்றேன். வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டன் கண்ணு" என்றாள் அமலா. மனதாரத்தான் சொன்னாள்.

லீமா ஒரு கண் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் சேர்ந்தாள். கோயில் பக்கம் போகவில்லை. அமலா வற்புறுத்தவும் இல்லை. ஆனால் பிள்ளையின் பாரம் தாயின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மெஷினில் புடவை ஓடிக்கொண்டிருக்கும், கண் எங்கேயோ இருக்கும். ஒரு நல்ல பட்டுப்புடவையின் ஓரத்தைக் கோணலாக அடித்துவிட்டு, பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டு அன்பியத்தில் யாக்கோபு திருமுகம் வாசித்தார்கள். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் வேண்டிக்கொள்ளுங்கள், அப்போது குணமடைவீர்கள் என்று வருகிற இடம். குணமடைவீர்கள் என்ற வார்த்தை அமலாவைப் பிடித்துக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் கேட்டுவிட்டு டீ குடித்திருப்பார்கள். இவள் மறுநாளே பிலோமினாவின் சமையலறையில் போய் உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையின் பேர்கூடச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். பிலோமினாவும் அழுதாள், நிஜமாகவே அழுதாள்.

"நீங்க மட்டும் வேண்டிக்கோங்கக்கா. என்ற புள்ளைக்கு நான் வாக்குக் குடுத்திருக்கறன்."

"பைத்தியம், இதெல்லாம் சொல்லணுமா? என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது கணே" என்றாள் பிலோமினா.

அன்றைக்கு அமலா வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது தோள் இரண்டும் லேசாகிவிட்டது போல இருந்தது. வசனம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்பியம் அமலா வீட்டுக்கு வருகிற முறை தை மாதத்தில் வந்தது. லீமா அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னாள். "டீ நான் போடறேன். நீ நிம்மதியா உக்காரு. ஜெபத்துக்கு நான் உக்காரமாட்டேன், சரியா?" அதுவே அமலாவுக்குப் போதும். திரும்பி வந்த பிறகு ஜெபம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவள் நிற்கப்போவது இதுதான் முதல் தடவை. அமலா வீட்டைக் கழுவிவிட்டாள், மாதா படத்துக்குக் கனகாம்பரம் போட்டாள்.

எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். வழக்கமாகத் தலைவலி என்று வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். எதிர்வீட்டில் நாற்காலி வாங்கிப் போட வேண்டியிருந்தது. ஒரு அம்மா வேளாங்கண்ணி எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். நம்மேல் இவ்வளவு பிரியமா என்று அமலாவுக்கு மனம் நிறைந்துவிட்டது.

வாசகம் முடிந்தது, பேச்சு முடிந்தது, மன்றாட்டு தொடங்கியது. முதலாவது, திருச்சபைக்காக. எல்லாரும் கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். இரண்டாவது, மழைக்காக. அதற்கும் பதில் சொன்னார்கள். கூட்டம் நடக்கிற வீட்டுக்காரர் பதிலைச் சத்தமாகத் தொடங்க வேண்டும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அதுதான் வழக்கம். அமலா கணீரென்று தொடங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது மன்றாட்டைப் பிலோமினா எடுத்தாள்.

"இரக்கமுள்ள ஆண்டவரே, இந்த வீட்டின் செல்ல மகள், எங்கள் லீமா, மனநோயால் வதைபட்டு, உமது துறவற அழைத்தலை இழந்து, மாத்திரைகளோடு போராடிக்கொண்டிருக்கிறாள். தாயின் கண்ணீரைப் பாரும். பிள்ளையைப் பிடித்திருக்கிற இருளை விரட்டி, அவளைப் பூரண சுகத்தோடு திருப்பித் தர வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

தொடங்கியது அமலாதான். காதில் விழுந்தது மூளைக்குப் போவதற்கு முன்னாலேயே வாய் தன் வேலையைச் செய்துவிட்டது. 'மன்றாட்டை' என்கிற இடத்தில்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. அதற்குள் வீடு முழுக்க அவளுக்குப் பின்னால் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை. 'கேட்டருளும்' வரைக்கும் சொல்லி முடித்தாள்.

கண்ணைத் திறந்தபோது சமையலறை வாசலில் லீமா டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பிலோமினாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு விழவில்லை, அவள் ஓடவுமில்லை. கடைசி ஜெபம் முடிகிறவரை நின்றாள். பிறகு ஒவ்வொருவருக்காகக் குனிந்து டீ கொடுத்தாள். எண்ணெய் கொண்டுவந்த அம்மா அவள் கன்னத்தைத் தடவி உச்சுக் கொட்டினாள். லீமா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அமலாவால் பார்க்க முடியவில்லை. கடைசி டம்ளரை அம்மாவிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

எல்லாரும் போன பிறகு அமலா பின்னாலேயே போய் நின்றாள்.

"கண்ணு, நான் அப்படி வேண்டச் சொல்லல. சத்தியமாச் சொல்லல."

லீமா குழாயை மூடினாள். திரும்பாமலே கன்னடத்தில் பேசினாள்.

"நீவு உத்தரா கொட்ரி. நானு கேளிஸ்கொண்டே."

நீங்கள் பதில் சொன்னீர்கள், நான் கேட்டேன். அவ்வளவுதான் சொன்னாள். லீமாவுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். கிளினிக்கில் கன்னடம், சிநேகிதிகளோடு கன்னடம். ஆனால் அம்மாவோடு மட்டும் குழந்தையிலிருந்து தமிழ்தான். அன்றைக்கு அந்தத் தமிழ் நின்றுபோனது. மறுநாள் காலையில், "காப்பி குடித்ரா?" என்று, குடிக்கிறீர்களா என்று 'நீங்கள்' போட்டுக் கேட்டாள், கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு பெரியவரைக் கேட்பது போல. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதையில்தான் அமலா செத்தாள்.

இன்னாசி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டார்.

அமலாவுக்கு அடிபட்ட இடத்தைவிட அடித்த கை யாருடையது என்பதுதான் வலித்தது. எதிரி பழித்திருந்தால் பொறுத்துக்கொள்வேன், என்னோடு சேர்ந்து ஆண்டவர் வீட்டுக்கு நடந்து வந்தவன் நீயல்லவா என்று திருப்பாடலில் ஒருவர் புலம்புகிறார். அதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறாள். யாருக்கோ நடந்தது என்று வாசித்தாள். இப்போது தெரு தெருவாக, திருப்பம் திருப்பமாக அது அவளுடைய பாட்டாகிவிட்டது. பஸ் நிறுத்தத்தைப் பார்த்தால் பிலோ அக்கா, கடை ஷட்டரைத் தூக்கினால் பிலோ அக்கா. ஊரே அவள் காட்டிக் கொடுத்த ஊராக இருந்தது.

உன் சகோதரன் உனக்கு எதிராகத் தப்புச் செய்தால் அவனிடம் போய், தனியாக இருக்கும்போது எடுத்துச் சொல் என்று மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அமலா அதை நாலைந்து தடவை வாசித்துக்கொண்டு கிளம்பினாள்.

பிலோமினா ஊறவைத்த அவரைக் கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அமலா எதிரில் உட்கார்ந்தாள். பழக்கதோஷம், அவள் கையும் பாத்திரத்துக்குப் போய்க் கொட்டையைப் பிதுக்க ஆரம்பித்தது.

"அக்கா, லீமா விசயத்த உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னன்."

"ஹௌது. அதுக்கென்ன?"

"எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டீங்களே."

பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லலியே அமலா. ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்?"

"ஆண்டவருக்குச் சத்தமாச் சொன்னாத்தான் கேக்குங்களா?"

"ஏன் இப்படிப் பேசறே? ரெண்டு பேர் மூணு பேர் என் பேர்ல கூடினா நடுவுல நான் இருப்பேன்னு அவரே சொல்லியிருக்காரு அல்லவா? மத்தேயு பதினெட்டு. போய்ப் பாரு."

அதே அதிகாரம். அமலா பாடம் பண்ணிக்கொண்டு வந்த வசனத்துக்கு நாலு விரல்கடை கீழே இருக்கிற வசனம். அதே பக்கத்திலிருந்து எடுத்து அடிப்பாள் என்று அமலா நினைக்கவில்லை.

பிலோமினா விடாமல் பேசினாள். "இன்னொண்ணு சொல்றேன் கேளு. நம்ம ஜெபக் குழு வாட்ஸப்ல ஒரு மாசமா எல்லாரும் அவளுக்காக ஜெபமாலை சொல்லிட்டிருக்காங்க. உனக்கே தெரியாது. வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நான் உன்கிட்ட சொல்லல."

அமலாவின் கை நின்றுவிட்டது. ஒரு மாசம். அப்படியென்றால் அன்றைக்கு வீடு நிறைய வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னாலேயே தெரியும். எதிர்வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எண்ணெய் கொண்டுவந்தவளுக்குத் தெரியும். தான் பிரியம் என்று நினைத்து நெஞ்சு குளிர்ந்துபோனதெல்லாம், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போக வந்த கூட்டம். அமலா அவர்களுக்குச் சுண்டலில் தேங்காய் கூடுதலாகப் போட்டிருந்தாள்.

"நான் வாக்குக் குடுத்திருக்கறன்னு சொன்னனே அக்கா."

"வாக்குக் குடுத்தது நீ. அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்து சொன்னே?" பிலோமினா கோபமாகச் சொல்லவில்லை, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். "அன்னிக்கு நீயும்தானே பதில் சொன்னே? எல்லாரையும் விட உன் குரல்தான் பலமாக் கேட்டுச்சு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

அமலா எழுந்தாள். கையைக் கழுவக்கூட இல்லை. பிசுபிசுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தாள். துரோகம் செய்தவள் மன்னிப்புக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பாள், அவளுக்கு அதற்கும் வசனம் தெரியும். இவள் நன்றி எதிர்பார்க்கிறாளே, அதற்கு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை அமலா கோயிலுக்குத் தனியாக நடந்தாள். அந்த வாரம் பீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகிற பவனி அவர்கள் அன்பியத்தின் முறை. முன்னமே ஒத்துக்கொண்டது, தட்ட முடியாது. பிரசங்கம் முடிந்ததும் கோயிலின் பின்பக்கம் போய் வரிசையில் நின்றார்கள். அவள் கையில் திராட்சைப் பழத் தட்டு. பக்கத்தில் ஜரிகைப் புடவையில் பிலோமினா, கையில் அப்பம் வைத்த பாத்திரம். பாடல் குழு காணிக்கைப் பாட்டைத் தொடங்கியது.

பிலோமினா அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

காணிக்கை கொண்டுபோகும்போது உன் சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானம் செய்துகொள். இந்த வசனம் தட்டைக் கையில் வாங்கியதிலிருந்தே அவளைக் குடைந்துகொண்டிருந்தது. இவளோடு நான் எதற்குச் சமாதானம் ஆக வேண்டும்? என் பிள்ளையை நடுவீட்டில் நிறுத்தி உரித்தவளோடா? முடியாது ஆண்டவரே, இந்த ஒரு வசனத்தை மட்டும் என்னால் செய்ய முடியாது என்று மனதுக்குள் சண்டை போட்டாள்.

அப்போதுதான் வசனத்தை முழுசாக நினைத்துப் பார்த்தாள். யாருக்கு யார்மேல் மனத்தாங்கல்? உனக்கு அவன்மேல் என்று அதில் இல்லை. அவனுக்கு உன்மேல் என்றுதான் இருக்கிறது. பிலோமினாவுக்கு அமலாமேல் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அமலாமேல் மனத்தாங்கல் உள்ளவள் கோயிலுக்கே வராமல் வீட்டில் இருக்கிறாள்.

வரிசை நகர்ந்தது. அமலா நகரவில்லை. திராட்சைத் தட்டைக் கடைசி பெஞ்சின்மேல் வைத்தாள்.

"ஏய், எல்லி ஹோக்தியா?" என்று பிலோமினா பதறிப்போய்க் கிசுகிசுத்தாள்.

எங்கே போகிறாய் என்ற அந்தக் கேள்விக்கு அமலா பதில் சொல்லவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பிறந்த நாளிலிருந்து இன்றுவரை பூசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள் இல்லை. வீட்டுக்கு நடந்தாள்.

லீமா கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பூஜை முகீதா?" முடிந்துவிட்டதா என்று கன்னடத்தில்தான் கேட்டாள்.

"இல்ல கண்ணு. காணிக்கைய வச்சுப்போட்டு வந்துட்டன்."

மடத்தில் நான்கு வருஷம் இருந்த பெண்ணுக்கு அது எந்த வசனம் என்று சொல்ல வேண்டியதில்லை. துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் உதட்டோரத்தில் ஏதோ வந்தது, சிரிப்பு என்று சொல்லும்படி ஆகவில்லை.

அமலா நின்றுகொண்டே பேசினாள். "பிலோ அக்காகிட்ட நான்தான் சொன்னன். உன்கிட்ட வாக்குக் குடுத்துப்போட்டு அவங்ககிட்டப் போய்ச் சொன்னன். அவங்க செஞ்சது வேற. ஆனா சொன்னது நான். அன்னிக்கு வாய் தானாப் பதில் சொல்லிருச்சு, அதையும் நான் வேணும்னு செய்யல. ஆனா என்ற வாய்தான கண்ணு. என்னை மன்னிச்சிரு."

லீமா துண்டை மடியில் வைத்து மடித்தாள். மறுபடி பிரித்தாள். அவள் பேசியபோது தமிழில் பேசினாள்.

"நான் மடத்துலேருந்து ஏன் வந்தேன்னு உனக்கு முழுசாச் சொல்லலம்மா."

துண்டை ஓரமாக வைத்துவிட்டு லீமா தொடர்ந்தாள்.

"எனக்குத் தூக்கம் வராதது, பயம் வர்றது, இதெல்லாம் முதல்ல அங்க ஒரு சிஸ்டர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். ரொம்ப நல்லவங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னாங்க. மறுநாள் காலைல சாப்பல்ல மன்றாட்டு நேரத்துல என் பேரைச் சொல்லி, என் வியாதியைச் சொல்லி வேண்டினாங்க. எல்லா சிஸ்டர்ஸும் ஒண்ணாப் பதில் சொன்னாங்க. என் பக்கத்துல உக்காந்திருந்தவ என்கூட ஒரே ரூம்ல இருந்தவ. அவளும் சொன்னா."

அவள் குரல் உடையவில்லை. கிளினிக்கில் ஒருவருக்கு வழி சொல்வது போலச் சமமாகச் சொன்னாள்.

"அதுக்கப்புறம்தான் அந்தக் கதவைத் தாண்டினா மூச்சு முட்ட ஆரம்பிச்சுச்சு. என்னால அங்க இருக்க முடியல. நம்ம வீட்ல அப்படி நடக்காதுன்னு வந்தேன்."

அமலா எத்தனை வரிகளுக்குப் பதில் தெரிந்தவள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள், தூக்கத்தில் சொல்லுவாள். வாயைத் திறந்தாள்.

"வேணாம்மா" என்றாள் லீமா. "பதில் சொல்லாத."

அமலோற்பவம் வாயை மூடிக்கொண்டு கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். லீமா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இடம் விட்டாளா, விலகினாளா என்று அமலாவுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.